யாருமே ஜெயிக்க விரும்பாத இறுதி ஆட்டமும் எங்கள் தராசம்மாவும்

எங்கள் ஹேண்ட்பால் சங்கத்தின் தரவரிசை அலுவலராகப் பணிபுரிந்து இன்று ஓய்வு பெறும் அம்மையார் அவர்களுக்கு, உடன் பணியாற்றியோர் உவந்து அளிக்கும் மடல்.

அடித்த பந்தையும் அடிக்காமல் விட்ட பந்தையும் ஒரே கண்ணால் அளந்தவரே! மேல் தரத்துக்கு ஏற்றப்பட்டவர்களின் நன்றியையும், ஏற்றப்பட்டதாலேயே எரிச்சலடைந்தவர்களின் வசவையும் ஒரே முகத்தோடு வாங்கிக்கொண்டவரே! ஊரார் தரத்தையெல்லாம் சொன்னாலும் தன் தரத்தைப் பற்றித் தப்பித்தவறியும் பேசாத தகைமையாளரே! பெயர் சொல்லி யாரும் அழைக்காமல், எல்லாரும் "தராசம்மா" என்றே அழைத்துப் பழகிவிட்ட எங்கள் அன்புக்குரியவரே! வணக்கம்.

இனி வரும் கதையை "நீங்கள்", "உங்கள்" என்று சொன்னால், பாதியிலேயே எழுந்து "அப்படியெல்லாம் ஒண்ணுமில்ல, உக்காருங்க" என்று எங்களை அடக்கிவிடுவீர்கள். ஆகவே கொஞ்ச நேரம் நீங்கள் இந்த அறையில் இல்லாதது போலப் பாவித்து அவையோருக்குச் சொல்கிறோம். பொறுத்தருள வேண்டும்.

அம்மையாரின் உறவினர்கள் சிலர் இன்றுதான் முதல்முறையாக இந்தக் கட்டடத்துக்குள் வந்திருக்கிறார்கள். அவர்களுக்காக இரண்டொரு வார்த்தை. எங்கள் ஹேண்ட்பால் நான்கு சுவர்களுக்குள் ஆடப்படுவது. கையுறை போட்ட உள்ளங்கையால் சிறிய ரப்பர் பந்தை எதிர்ச்சுவரில் அடிக்க வேண்டும். திரும்பி வருவதை மற்றவர் அடிக்க வேண்டும். தொடங்கி அடிப்பவருக்கு மட்டுமே புள்ளி கிடைக்கும். மற்றவர் ஜெயித்தால் அடிக்கும் உரிமைதான் கைமாறும். ஆட்டக்காரர்களுக்குத் தொடக்கப் பிரிவு, நடுப் பிரிவு, முதல் பிரிவு என மூன்று தரங்கள் உண்டு. ஒருவர் எந்தப் போட்டியில் எவ்வளவு தூரம் முன்னேறினாரோ அதற்கேற்பப் புள்ளி சேரும். அந்தப் புள்ளியை வைத்து வரிசை போடுவார்கள். வரிசையில் முதலில் இருக்கும் இருவரும் ஆரம்பத்திலேயே மோதிக்கொள்ளாதபடி ஆட்டங்களைப் பிரித்து வைப்பார்கள். ஆண்டுப் போட்டியில் தன் பிரிவை வென்றவர் மேல் பிரிவுக்குப் போயே ஆக வேண்டும். மாட்டேன் என்று சொல்ல முடியாது.

சொல்ல முடியாதே தவிர, சொல்லாதவர்கள் குறைவு. "என் மகளை ஏன் ஏத்தல?" என்று வருகிற தொலைபேசி ஒன்று என்றால், "என்னை ஏன் ஏத்தினீங்க?" என்று வருபவை நாலு. கீழ்ப் பிரிவில் கோப்பைகளை அள்ளிக்கொண்டு போகும்போது குதிரையாக ஓடிய கால், மேலே போகச் சொன்னதும் நொண்டத் தொடங்கிவிடும். தராசம்மா அந்தக் காலையும் நேரில் போய்ப் பார்ப்பார். பின்சுவரின் கண்ணாடிக்கு வெளியே, பிளாஸ்கிலிருந்து தேநீர் ஊற்றிக் குடித்தபடி, ஒன்றும் பேசாமல்.

அப்படி அவர் நின்ற ஒரு மாலையைத்தான் சொல்ல வந்தோம்.

இந்தத் தெருக்கோடியில் ரொட்டிக்கடை வைத்திருப்பவரையும், பேருந்து ஓட்டும் அவருடைய மச்சானையும் எல்லாருக்கும் தெரியும். இரட்டையர் ஆட்டத்தில் இருவரும் ஒரே ஜோடி. ரொட்டிக்காரர் அதிகம் பேசாதவர். விடியுமுன் அடுப்பு, பகலெல்லாம் கடை. மச்சானுக்கோ எந்த வாரம் எந்த நேரத்தில் வண்டி என்றே நிச்சயமில்லை. ஒரே வீட்டில் இருந்தும் அவர்கள் நின்று பார்த்துக்கொள்வது இந்த நான்கு சுவருக்குள்தான். இடப்பக்கம் இவர், வலப்பக்கம் அவர். பந்து நடுவில் வந்தால் யார் எடுப்பது என்று ஒரு நாளும் கேட்டுக்கொண்டதில்லை. கேட்காமலே ஒருவர் விலகுவார், ஒருவர் நீளுவார். தன் வாழ்க்கையில் தான் நன்றாகப் பேசிய பேச்செல்லாம் அதுதான் என்று ரொட்டிக்காரர் பிற்பாடு எங்களிடம் சொன்னார்.

அந்த வருடம் நடுப் பிரிவின் ஒற்றையர் இறுதி ஆட்டத்துக்கு அவர்கள் இருவருமே வந்துவிட்டார்கள். அங்கேதான் வந்தது வினை. அப்போதிருந்த விதிப்படி ஓர் ஆளுக்கு ஒரே தரம்தான், தனியாக ஆடினாலும் ஜோடியாக ஆடினாலும். ஜோடியில் இருவரும் ஒரே பிரிவாக இருக்க வேண்டும். யார் ஜெயித்தாலும் அவர் மேலே போவார். ஜோடி உடையும்.

முதல் நாள் முழுக்க ரொட்டிக்காரர் மாவைப் பிசைந்துகொண்டே யோசித்தார். உடையத்தான் போகிறது. உடைவதில் நல்ல பாதி அவனுக்குப் போகட்டும், இளவயது, மேலே போனால் பிழைத்துக்கொள்வான் என்று முடிவு செய்தார். மச்சானும் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து அதையே யோசித்திருந்தார். அத்தான் எத்தனையோ முறை இறுதி ஆட்டம் வரை வந்து தோற்றவர், இதுதான் அவருக்குக் கடைசி வாய்ப்பு என்று. ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளவில்லை.

ஆட்டம் தொடங்கியது. மச்சான் அடித்த முதல் பந்து சுவரில் பட்டுத் திரும்பி, தாண்ட வேண்டிய நடுக்கோட்டைத் தாண்டாமல் விழுந்தது. இரண்டாவதும் அப்படியே. இரண்டு முறை அப்படி விழுந்தால் அடிக்கும் உரிமை போய்விடும்; போயிற்று.

"என்னடா, சாப்பிடாம வந்தியா?" என்றார் ரொட்டிக்காரர்.

"கை நழுவுது அத்தான்."

ரொட்டிக்காரர் அடித்தார். அதுவும் கோட்டுக்கு முன்னாலேயே விழுந்தது. மறுபடியும் விழுந்தது. மச்சான் திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தார். பிறகு இவர், பிறகு அவர், பிறகு இவர். அடிப்பவருக்குத்தான் புள்ளி என்பதால் பலகையில் பூஜ்யத்துக்குப் பூஜ்யம் அசையாமல் நின்றது. நடுவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். பார்வையாளர் மாடத்திலிருந்து ரொட்டிக்காரரின் மனைவி குரல் கொடுத்தார்: "ஏங்க, சுவத்துக்கு வலிக்குமேன்னு பாக்குறீங்களா? தம்பி, நீயாவது அடிடா!"

கூட்டம் சிரித்தது. தராசம்மா சிரிக்கவில்லை. பிளாஸ்கை மூடி வைத்துவிட்டு, குனிந்து நுழையும் அந்தச் சின்னக் கதவைத் திறந்து உள்ளே போனார்.

"இது ஆட்டமா, அன்பளிப்பா?"

இருவரும் தரையைப் பார்த்தார்கள்.

"அவன் சின்னவன்மா. அவன் போகட்டும். நான் மேலே போய் என்ன செய்யப் போறேன்?"

"பொய் சொல்றாரும்மா. இத்தனை வருஷமா ஏங்குறவரு அவருதான். அவரு போகட்டும்."

"சரி. அப்ப ஜோடி?"

ரொட்டிக்காரர் கையுறையின் ஓரத்தைப் பல்லால் கடித்து இறுக்கினார். அது ஏற்கெனவே இறுக்கமாகத்தான் இருந்தது.

"நல்லா கேட்டுக்குங்க," என்றார் தராசம்மா. "ஜோடி விஷயத்தை நான் கமிட்டியில கேக்குறேன். கிடைக்கும்னு சொல்லல. கேக்காம விடமாட்டேன்னு சொல்றேன். ஆனா இன்னும் ஒரு பந்தை இப்படி விட்டீங்க, ரெண்டு பேரையும் பட்டியல்லேருந்து அடிச்சிட்டு மூணாவதா வந்தவரை ஏத்திடுவேன்."

மூன்றாவதாக வந்த தையல்காரர் மாடத்தில் பதறி எழுந்தார். "ஐயையோ, என்னை விட்டுடுங்கம்மா! மேலே போனா எனக்கு மூச்சு வாங்கும்!"

அந்தச் சிரிப்பில் மேலிருந்து தூசிகூட உதிர்ந்திருக்கும். ரொட்டிக்காரருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த வேகத்தில் தோளில் இருந்த ஏதோ ஒன்று இறங்கிப் போனது. மச்சானைப் பார்த்தார். "ஆடலாமாடா?" "ஆடலாம் அத்தான்."

ஆடினார்கள். அப்படி ஓர் ஆட்டத்தை நாங்கள் அதற்குப் பிறகும் அதிகம் பார்க்கவில்லை. சுவரின் அடியில் பட்டுத் தாழ்வாக வரும் பந்தைப் பாய்ந்து எடுப்பதும், எடுத்தவர் எழுமுன் அடுத்தது வருவதுமாக, இருவரும் வியர்வையில் நனைந்து இரண்டு முறை கையுறை மாற்றினார்கள். ஜெயித்தவர் ரொட்டிக்காரர். தராசம்மா எங்களிடம் வந்து மறைக்காமல் சொன்னார்: "தம்பிதான் ஜெயிப்பான்னு நெனச்சிருந்தேன். இத்தனை வருஷமா பாத்தும் அந்த மனுஷன் பாதிக் கையாலதான் ஆடிட்டு இருந்தாருன்னு எனக்குத் தெரியல."

கமிட்டி கூடியது. வெளியே வராந்தா பெஞ்சில் ரொட்டிக்காரர், மனைவி, மச்சான் மூவரும் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். கதவு சரியாகச் சாத்தாது, பேச்செல்லாம் கேட்டது.

"விதி சும்மா வரலம்மா," என்றார் தலைவர். "முன்னே எல்லாம் பெரிய ஆட்டக்காரங்க ஒப்புக்கு ஒருத்தரைக் கூட நிறுத்திக்கிட்டு, கீழ்ப் பிரிவு கோப்பையெல்லாம் வாரிக்கிட்டுப் போனாங்க. மறந்துட்டீங்களா?"

"மறக்கல. அவங்களைத் தடுக்கப் போட்ட விதி இவங்களைப் பிரிக்குது. ஒருத்தர் தனியா ஆடுறது வேற, பக்கத்துல ஆள் நிக்கும்போது ஆடுறது வேற. ரெண்டுக்கும் தனித்தனியா தரம் போடுவோம். ஜோடியை ஜோடியாவே பாத்து எடை போடுறேன். ஏமாத்துறவங்க என் கண்ணுல படாமலா போயிடுவாங்க?"

"அப்படின்னா உங்க வேலை ரெண்டு பங்காயிடுமே? சனிக்கிழமையும் போயிடும்."

"போகட்டும்."

உள்ளே நாற்காலிகள் கிறீச்சிட்டன. ரொட்டிக்காரர் மாவு படிந்த சட்டைக் கையைச் சுரண்டிக்கொண்டே இருந்தார். தனக்கு இவ்வளவு பயம் உண்டென்று அன்றுதான் அவருக்குத் தெரிந்ததாம். பிறகு தலைவரின் குரல் வந்தது: "சரி, ஒரு வருஷம் பாப்போம்." மனைவி மூச்சை விட்ட சத்தம் உள்ளே இருந்த எங்களுக்கே கேட்டது.

"அப்பாடா! ரெண்டு பேரும் மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கிட்டு உக்காந்திருக்கிறதைப் பாத்துக்கிட்டே எப்படிச் சோறு போடுறதுன்னு இருந்தேன்."

மச்சான் அத்தானின் முழங்காலில் ஓங்கி ஓர் அறை வைத்தார். ரொட்டிக்காரர் திருப்பி அறைந்தார். தராசம்மா வெளியே வந்தபோது ரொட்டிக்காரர் நன்றி சொல்ல எழுந்தார். "தனியா ஆடும்போது மேலே நல்லா அடி வாங்குவீங்க, தயாரா இருங்க," என்று சொல்லிவிட்டு அம்மையார் நடந்துவிட்டார். சொன்னபடியே ஒற்றையரில் அந்த வருடம் எல்லா ஆட்டத்திலும் தோற்று, ஒவ்வொரு முறையும் ரொட்டிக்காரர் முகமெல்லாம் பல்லாக வெளியே வந்தார்.

அம்மையீர், இனி மறுபடியும் உங்களிடமே பேசுகிறோம். ஒரு வருடம் பார்ப்போம் என்ற அந்த ஏற்பாடு இன்றும் எங்கள் விதியாக இருக்கிறது. அண்ணன் தங்கை, அப்பா மகள், கணவன் மனைவி என எத்தனை ஜோடிகள் அதனால் பிரியாமல் ஆடுகிறார்கள்! அதற்கு விலையாக நீங்கள் கொடுத்தவை உங்கள் சனிக்கிழமைகள். இத்தனை ஆண்டுகளில் ஓர் ஆட்டத்தையாவது நீங்கள் வெறுமனே ரசித்துப் பார்த்து நாங்கள் கண்டதில்லை. ஒவ்வொரு பந்திலும் ஒருவரின் அடுத்த வருடம் இருந்தது உங்களுக்கு.

அந்தப் பாரம் இன்றோடு இறங்கட்டும்! நோயற்ற உடலும் நிறைவான மனமும் நீண்ட ஆயுளும் உங்களுக்கு வாய்க்கட்டும்! வரும் சனிக்கிழமை மாடத்தில் முன்வரிசையில் உங்களுக்கு ஓர் இடம் வைத்திருக்கிறோம். வாருங்கள், உட்காருங்கள், யார் ஜெயிக்கிறார்கள் என்று மட்டும் பாருங்கள். பிடித்தால் கை தட்டுங்கள். யாருக்கு வேண்டுமானாலும்!

என்றும் மாறா அன்புடன்,
சங்கத்தின் அலுவலகப் பணியாளர்கள், நடுவர்கள்