எதிர் ஜன்னல்

சேர்குலர் கீ நிலையத்தில் ரயில் ஏறிய இருவர் என் முன்னிருக்கையில் அமர்ந்தார்கள். பெரியவர் தனியாகப் போய்ப் பாலே நடனம் பார்த்துவிட்டு வந்திருந்தார். தேவாலயத்தில் பழக்கமான பெண் ஒருத்தி பிளாட்பாரத்தில் அவரைக் கண்டு சேர்ந்துகொண்டிருந்தாள்.

“நானும் ஒரு பொம்மைக்குக் கை காட்டினனான், பிள்ளை” என்றார் அவர்.

நான் காதிலிருந்த பாட்டை நிறுத்தினேன்.

“என்ன அங்கிள் சொல்லுறீங்கள்?”

“பாலேயில ஒரு பெடியன் ஜன்னல்ல இருக்கிற பெட்டைக்குக் கை காட்டி, அவளில மனம் வைக்கிறான். பாத்தா, அது ஒரு கிழவன் செய்த பொம்மை. சனம் விழுந்து விழுந்து சிரிச்சுது. முதல் எழுதின கதையில அந்தப் பெடியன் விசர் பிடிச்சுச் செத்துப்போறானாம். பாலேக்காகத்தான் சிரிப்பா மாத்தினவையாம்.”

“நீங்கள் ஆருக்குக் கை காட்டினீங்கள்?”

“எங்கட யூனிட் வீட்டுக்கு எதிர் ஜன்னல்ல ஒரு மனுசி நிக்கிறா எண்டு நினைச்சு, விண்டர் முழுக்கக் காலமையில கை காட்டினனான். பிறகுதான் தெரிஞ்சுது, அது தைக்கிற ஆக்கள் சட்டை போட்டுப் பாக்கிற பொம்மை.”

அவள் சிரித்தாள். அவரும் சிரித்தார்.

“இப்ப விட்டிட்டீங்கள்தானே, அங்கிள்?”

ரெட்ஃபெர்ன் நிலையம் வந்தது. கதவுகள் திறந்து மூடின.

“போன கிழமை அதையும் எடுத்திட்டினம். ஜன்னல் வெறுமையாக் கிடக்கு. கைதான் இன்னும் தன்பாட்டில எழும்புது.”