பூஜ்ஜியமாகும் இடம்

அக்கா: ...கடைசி வரியைக் கேளு. “கட்டுரையாளருக்கு அடிப்படையே புரியவில்லை.” இருபது வருஷமா கருந்துளைக் கணக்கோட மல்லுக்கட்டுறேன், எனக்கு அடிப்படை புரியலையாம்.

தம்பி: மெதுவாக்கா. பக்கத்து ரூம்ல கிளாஸ் நடக்குது.

அக்கா: நடக்கட்டும். பேரைக்கூடச் சொல்லாம ஒளிஞ்சுக்கிட்டு எழுதுறவனுக்கு இவ்வளவு வாயா?

தம்பி: ஆராய்ச்சிப் பத்திரிகைக்கு மதிப்பீடு எழுதுற யாருமே பேரு சொல்ல மாட்டாங்களே... கட்டுரையை வேணாம்னு சொல்லக் காரணம் என்னவாம்?

அக்கா: எதைத் தாண்டினா ஒளி என்னைக்குமே வெளிய வராதோ, அதான் கருந்துளையோட விளிம்பு. அதைக் கண்டுபிடிக்க எதிர்காலம் முழுக்கத் தெரியணுமாம். ஒரு இடத்துல போடுற கணக்கு செல்லாதாம்.

தம்பி: வரையறை அப்படித்தானே...

அக்கா: நீயுமா? கம்ப்யூட்டர்ல ரெண்டு கருந்துளையை மோத விடுறேன். நாப்பது நாள் ஓடி நின்னுடுது. முடிவே இல்லாத எதிர்காலத்துக்கு நான் எங்கடா போவேன்? அதான் அந்தந்த இடத்துக் காலவெளி வளைவை மட்டும் வெச்சு ஒரு எண் கட்டினேன். அது எங்க ஜீரோ ஆகுதோ, அங்க விளிம்பு.

தம்பி: சரி, விடேன். வேற பத்திரிகைக்கு அனுப்பு.

அக்கா: எதுக்கு விடணும்? மதிப்பீடு எழுதின ரெண்டாவது ஆள் “அருமையான வேலை”ன்னு எழுதியிருக்கான். அந்த ஒரு வரியிலதான் இந்த வாரம் எனக்குத் தூக்கமே வந்துச்சு. மேல்முறையீடு பண்ணினா என்ன?

தம்பி: வேணாம்கா. உன் எண் கருந்துளைக்கு வெளியிலயும் ஓரிடத்துல ஜீரோ ஆகுது. பதினோராம் பக்கத்துப் படத்துலயே தெரியுது. அதைப் பிடிச்சுக்குவாங்க.

அக்கா: கட்டுரையை நான் உனக்குக் காட்டவே இல்லையே.

தம்பி: அது வந்து...

அக்கா: சொல்லுடா.

தம்பி: ரெண்டாவது ஆள் நான்தான். பேரை வெச்சு அக்கா தம்பின்னு பத்திரிகைக்காரங்களுக்குத் தெரியல. நானும் சொல்லல. நாலு வருஷமா உனக்கு ஒரு கட்டுரைகூட வரலியேக்கா...

அக்கா: அதனால தப்பைப் பார்த்தும் பாராட்டிட்ட. முதல் ஆளாவது என்னை மதிச்சுத் திட்டியிருக்கான். நீ என்மேல பரிதாபப்பட்டிருக்க.

தம்பி: திட்டிக்கோ. மேல்முறையீடு மட்டும் வேணாம். வெளிய தெரிஞ்சா என் வேலை போயிடும்.

அக்கா: உன்கிட்ட யோசனை கேட்கிற மாதிரி சும்மா பேசினேன்டா. காலையிலேயே அனுப்பிட்டேன். ரெண்டாவது ஆள் யாருன்னே தெரியாம, அவர் பேரை வெளியிட்டு எனக்குச் சாட்சியா கூப்பிடுங்கன்னு கேட்டிருக்கேன்.