உருண்டைப் பென்சில்

பென்சில் வாங்கும்போது உருண்டையானதாகப் பார்த்து வாங்க வேண்டும். பட்டை வைத்ததைக் கடதாசியில் குத்தினால் ஓட்டையின் விளிம்பு கிழிந்துவிடும். பல்லரோ சந்தைக்குப் பக்கத்தில் எங்கள் ஆட்களின் கடையொன்றில் உருண்டைப் பென்சில் இருக்கிறது. மூன்று வருடமாக அங்கேதான் வாங்கினேன்.

உங்கள் மொழியிலேயே எழுதுங்கள் என்று பொலிஸ் அதிகாரி சொன்னார். மொழிபெயர்க்க வந்திருக்கும் கிளறா, மன்னார்ப் பக்கத்துப் பெண்பிள்ளை. "அங்கிள், ஆறுதலா யோசிச்சு எழுதுங்கோ, ஒரு அவசரமுமில்லை" என்றாள். யோசிக்க என்ன இருக்கிறது. என் பெயர் கோபாலசிங்கம். வயது அறுபத்தொன்று. இத்தாலிக்கு, இந்தப் பலெர்மோவுக்கு வந்து இருபத்தாறு வருடம். என் மனைவி குகனேஸ்வரி, மகளின் குழந்தையைப் பார்க்க ஆறு மாதத்துக்கென்று லண்டன் போனவள், ஏழு வருடமாக அங்கேயே இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் போன் எடுத்து, "இஞ்சேருங்கோ, சாப்பிட்டியளே?" என்று கேட்பாள். ஓம் என்பேன். அதற்குமேல் கதைக்க இரண்டு பேருக்கும் ஒன்றும் கிடைக்காது.

மற்ற நாட்களில் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்ட ஒரே மனிதர் சிஞ்ஞோர் கலோஜெரோ. ஸ்தாசியோனே சென்ட்ராலே ரயில் நிலையத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவர், மனைவியை இழந்தவர், எண்பத்திரண்டு வயது. அவர் வீட்டிலேயே தங்கி அவரைப் பார்த்துக்கொள்வது என் வேலை. சமைப்பேன், குளிக்க வார்ப்பேன், மாத்திரை கொடுப்பேன். சனிக்கிழமைகளில் பகேரியாவுக்குப் பின்னால் மலையடியில் இருக்கும், துவக்குச் சுட்டுப் பழகும் சுடுதளத்துக்குக் காரில் கூட்டிப் போவேன்.

கண் மங்கியதும் தன் பழைய நல்ல துவக்கை விற்றுவிட்டார். பிறகு மனம் கேளாமல் மலிவாக ஒன்று வாங்கினார். ஒவ்வொரு வெடிக்கும் கைப்பிடியைத் தூக்கி இழுத்துத் தோட்டா ஏற்றும் வகை. குறி பார்க்க அதன் மேல் பூட்டிய ஸ்கோப் அதைவிட மலிவு. அனுமதிப் பத்திரத்துக்குக் கண் பரிசோதனை உண்டு. எழுத்துப் பலகையை இரண்டு பேருமாக இருந்து பாடமாக்கினோம். அவர் நன்றாகவே ஒப்புவித்தார்.

முப்பது மீற்றருக்கு அப்பால் அவருக்கு எல்லாம் புகைதான். இலக்கோ நூறு மீற்றரில். ஆகவே மணல் மூட்டையில் துவக்கை வைத்துக் குறி பார்ப்பது நான். தோட்டா ஏற்றுவதும் நான். எனக்கு அனுமதி இல்லை, அதுவும் குற்றம்தான், குறித்துக்கொள்ளுங்கள். அவர் மெதுவாக வந்து குந்தி விசையை அழுத்துவார். பிறகு நான் சிவப்புக் கொடியை ஏற்றிவிட்டு நடந்து போய்க் கடதாசியைக் கழற்றி வருவேன். கொடி ஏறியிருந்தால் யாரும் சுடக் கூடாது. திரும்பி வந்து இறக்கும்போது கயிற்றிலுள்ள இரும்பு வளையம் கம்பத்தில் தட்டும். அந்தச் சத்தம் கேட்டால் சுடலாம். வாழ்நாள் முழுக்கக் கொடிக்குக் கட்டுப்பட்டு ரயில் விட்ட மனிதர், காதைத் தீட்டிக்கொண்டு அதற்காகக் காத்திருப்பார்.

முதல் சனிக்கிழமை கடதாசியில் ஒரு ஓட்டைகூட இல்லை. அந்த வெறும் கடதாசியைத் தூக்கிக்கொண்டு நூறு மீற்றர் நடக்க எனக்கு மனம் வரவில்லை. சட்டைப் பையில் பென்சில் இருந்தது. கறுப்பு வட்டத்தில் நெருக்கமாக மூன்று குத்துக் குத்தினேன். எங்கே பட்டது கோபால் என்று கேட்டார். நடுவில் என்றேன். பெருவிரலால் தடவிப் பார்த்துவிட்டு என் தோளில் தட்டினார். அதற்கு முன்னால் என்னை யார் கடைசியாகத் தொட்டார்கள் என்பது எனக்கு ஞாபகமில்லை. அந்தக் கடதாசிகளைக் குசினிச் சுவரில் ஒட்டி வைத்தோம். நூற்றுக்கு மேல் சேர்ந்துவிட்டன.

போன மாதம் அவருடைய மகன் லூக்கா வடக்கே தொரீனோவில் இருந்து வந்தான். அவனைப் பற்றிக் குறை சொல்ல மாட்டேன். எனக்கென்று குளிர்ச்சட்டை ஒன்று வாங்கி வந்திருந்தான், அளவும் சரியாக இருந்தது. சுவரைப் பார்த்துக்கொண்டு கன நேரம் நின்றான். பிறகு என்னைத் தனியே கூப்பிட்டு, தோட்டா துளைத்த ஓட்டையைச் சுற்றிக் கரி படிந்த வளையம் இருக்கும், இதில் ஒன்றிலும் இல்லையே என்றான். எனக்கு அது தெரியாது. துவக்கை வைத்துக்கொண்டு வேறு யார் வாழ்ந்தார்களோ, நான் வாழவில்லை.

அவன் கோபப்படவில்லை. அப்பாவைத் தொரீனோவுக்குக் கொண்டுபோய் ஒரு முதியோர் இல்லத்தில் விடப்போவதாகச் சொன்னான். எனக்கு வேறு வீடு பார்த்துத் தருவானாம். இவ்வளவு காலம் அவரைச் சந்தோசமாக வைத்திருந்ததற்கு நன்றியும் சொன்னான். ஈஸ்டர் வரையாவது விடச் சொல்லிக் கேட்டேன். சனிக்கிழமை நானும் வருகிறேன், கடதாசியை நானே போய் எடுத்து வந்து அவருக்கு உண்மையைச் சொல்லுகிறேன் என்றான். நண்பன் றோபேட்டுக்குப் போன் எடுத்தேன். "அண்ணை, வேலைதானே, இன்னொண்டு கிடைக்கும். ஏன் அழுறியள்?" என்றான். அவனுக்கு விளங்கப்படுத்த முடியவில்லை.

அந்த ஸ்கோப்பில் ஒரு குணம் உண்டு. குறியைச் சரிசெய்யும் திருகைத் திருகினாலும் உள்ளே உடனே அசையாது, ஒரு நாணயத்தால் மெல்லத் தட்டிவிட வேண்டும். அது எனக்குத் தெரிந்து இரண்டு வருடம். சரியாக வைக்கவேண்டிய தேவைதான் வரவில்லை. அந்தச் சனிக்கிழமை காலை அவர் இரண்டு வெடி வைத்ததும் ஸ்கோப் வழியே பார்த்தேன், நாலு விரல் வலப்பக்கம் போயிருந்தது. திருகினேன், தட்டினேன். மூன்றாவது வெடி வட்டத்துக்குள் விழுந்தது. மணல் மூட்டையையும் இறுக்கி, அவர் சாய்ந்தாலும் துவக்கு அசையாதபடி வைத்தேன். சுடுதளத்துக்காரர் கோப்பி போட உள்ளே போயிருந்தார். அவர்மேல் பிழை சொல்ல வேண்டாம்.

லூக்கா கொடியை ஏற்றிவிட்டு நடந்தான். போகும்போது என்னைப் பார்த்துச் சிரித்தான். இலக்கின் முன்னால் நின்று கடதாசியின் ஊசிகளைக் கழற்றத் தொடங்கினான். முதுகு இந்தப் பக்கம். நான் தோட்டாவை ஏற்றி, குறியைப் பார்த்து வைத்துவிட்டு, போய்க் கொடியை இறக்கினேன். வளையம் தட்டியது.

லூக்கா வந்துவிட்டானா என்று கிழவர் கேட்டார். சிகரெட் எடுக்கக் காருக்குப் போய்விட்டான் என்றேன். சரி என்று குந்தினார்.

முதல் நாள் உங்களிடம் அதை விபத்து என்று சொன்னேன். அப்படியே இருந்திருப்பேன். ஆனால் ஆஸ்பத்திரியில் இருக்கும் கிழவர் யாருடனும் கதைக்காமல், தன் குறி தப்பி மகன் மேல் பட்டுவிட்டது என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொல்வதாகக் கிளறா சொன்னாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. கண் போனவர், கை நடுங்குகிறவர் என்று இனி எல்லோரும் அவரைச் சொல்வார்கள். அது அநியாயம். அதைத் திருத்தத்தான் இவ்வளவும் எழுதுகிறேன். அவரை யார் போய்ப் பார்த்தாலும் இதை மறக்காமல் சொல்லுங்கள்.

வெடி வைத்ததும் வழக்கம்போல எங்கே பட்டது கோபால் என்று கேட்டார். நடுவில் என்றேன். அன்று பென்சிலை வெளியே எடுக்கவேண்டிய தேவையே இருக்கவில்லை.