பார்க்காமல் வாங்கிய பை

எங்கள் கரையில் யாராவது கடலிலிருந்து எடுத்ததைக் கொடுத்தால் பையைத் திறந்து பார்க்கக் கூடாது. பார்த்தால் கொடுத்தவரைச் சந்தேகப்பட்ட மாதிரி. ராவிரி நன்றாக வளர்க்கப்பட்ட பையன். அவன் பார்க்கவில்லை.

என் மகன் ஹேமி, ராவிரி ஓட்டிய வண்டியில்தான் செத்தான். கவனக்குறைவு, சின்னக் குற்றம் என்றது நீதிமன்றம். அபராதமும் கொஞ்ச நாள் பொதுவேலையும் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். இந்த நியூசிலாந்தில் இன்னொரு இரக்கமும் உண்டு. ஏழு வருஷம் வேறு தண்டனை இல்லாமல் இருந்தால் பழைய பதிவை அரசாங்கமே மூடிவிடும். அப்புறம் யார் கேட்டாலும் 'என்மேல் ஒன்றுமில்லை' என்று சொல்லலாம். நடுவில் ஒரு சின்னத் தண்டனை வந்தாலும் போயிற்று, முதலிலிருந்து ஏழு வருஷம்.

ஊரில் எல்லாரும் ஆறின கஞ்சி பழங்கஞ்சி, விட்டுவிடு என்றார்கள். எனக்கு ஆறவில்லை.

அவன் அடிக்கடி வந்து என் வீட்டுப் புல்லை வெட்டிக் கொடுப்பான். நான் வேண்டாமென்றதில்லை. ஏழு வருஷம் முடியவிருந்த சமயம் அப்படித்தான் வந்தான்.

"ஆன்ட்டி, படகுத்துறையில வேலைக்கு எழுதிப் போட்டிருக்கேன். அடுத்த மாசம் பதிவு மூடிடும், எடுத்துக்குவாங்க. பாப்பா வேற பொறக்கப் போகுது."

"கிடைக்கும்டா. இந்தா, பாவுவா சிப்பி. வாயும் வயிறுமா இருக்கவளுக்கு வறுத்துக் குடு."

"எதுக்கு ஆன்ட்டி இவ்வளவு? பை கனக்குதே."

"கொண்டு போடா. பெரிய மனுஷன் மாதிரி பேசாதே."

சிப்பிகளைப் பாறையிலிருந்து நானே பெயர்த்தேன். எல்லாம் சட்டப்படி பிடிக்கக் கூடாத பிஞ்சுகள், அதுவும் ஓர் ஆளுக்கு விட்ட வரம்புக்கு மேல். அவன் வண்டி வாசலைத் தாண்டியதும் உங்கள் மீன்வளத் துறைக்குப் போன் செய்தேன். பாலத்தருகே மடக்கினீர்கள். 'நான்தான் எடுத்தேன்' என்றானாம் அவன். தண்டனை விழுந்தது, வேலை போயிற்று. பிறகு பெண்டாட்டியும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். அவன் மட்டும் புல் வெட்ட வந்துகொண்டிருந்தான்.

இப்போது மறுபடியும் ஏழு வருஷம் முடியப் போகிறது. நேற்று இன்னொரு பை கொடுத்தேன். என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தான். பையைப் பார்க்கவில்லை. "தேங்க்ஸ் ஆன்ட்டி" என்று வாங்கிக்கொண்டான். அவன் போனதும் மறுபடி உங்களுக்குப் போன் செய்தேன். போனில் பழைய குரலே பேசுகிறது என்று நீங்கள்தான் கண்டுபிடித்து வந்திருக்கிறீர்கள். ஆமாம், இரண்டு தடவையும் நான்தான்.

ஹேமி செத்த நாளைப் பற்றியும் கேட்டீர்கள். கல்யாண விருந்துக்காக ராவிரி இரவெல்லாம், குழியில் கறியைப் புதைத்து வேகவைக்கும் மண்ணடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். காலையில் ஐஸ் வாங்கி வரச் சொன்னேன். "கண்ணு சொக்குது ஆன்ட்டி, வேற யாரையாவது அனுப்புங்க" என்றான். சோம்பேறி என்று திட்டி, சாவியை அவன் கையில் திணித்து, துணைக்கு ஹேமியை ஏற்றிவிட்டேன். அதையும் அவன் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

நீங்களே சொல்லுங்கள். குற்றம் செய்யாதவன் எதற்காக இத்தனை வருஷம் வாயைத் திறக்காமல் இருக்க வேண்டும்?