நடுங்கும் கோடு

கரித்துண்டால் வரைகிறவர்கள் மேசைமேல் ஒரு பழைய துணியை விரித்துக்கொள்வது நல்லது. இல்லாவிட்டால் தூள் சட்டைக் கையில் ஏறி வீடு முழுக்கப் பரவிவிடும். எங்கள் வீட்டில் கதவுப் பிடியில்கூட இருந்தது. என் மனைவி அதைத் துடைத்துக்கொண்டே அவள் அண்ணனைத் திட்டுவாள். இப்போது யாரையும் துடைக்க விடுவதில்லை.

என் வேலையைச் சொன்னால் மற்றது தானாகப் புரியும். கேட்டதைப் படமாகப் போட்டுத் தரும் கணினிக்கு நான் பிழை பார்க்கிறவன். எங்கே பொய் தெரிகிறது என்று சொல்ல வேண்டும். நீர்வண்ணம் காயும்போது தண்ணீர் ஓரத்துக்கு ஓடும். நிறத்தையும் இழுத்துக்கொண்டு போகும். அதனால்தான் ஓரம் கறுத்திருக்கிறது. கணினி லட்சம் படங்களில் அந்தக் கறுத்த ஓரத்தைப் பார்த்திருக்கிறது, தண்ணீரைப் பார்த்ததில்லை. ஈரமே போகாத இடத்திலும் ஓரம் கட்டிவைக்கும். எண்ணெய் வண்ணம் கேட்டால் தூரிகை விட்ட மேடுகளை அழகாகப் போடும். ஆனால் ஒவ்வொரு மேட்டின் நிழலும் ஒவ்வொரு பக்கம் விழும். நாள் முழுக்க இவற்றைப் பார்த்துவிட்டு வந்தால் எனக்குச் சாப்பாடு இறங்காது. பிணத்தின் கன்னத்தில் பூசிய சிவப்பைத் தொட்டதுபோல் விரல் நுனி கூசும்.

மச்சானுக்கு அது வேடிக்கை. மச்சான் என்றால் என் மனைவியின் அண்ணன், ஓவியர், கல்யாணம் பண்ணிக்கொள்ளாமல் எங்களோடு இருந்தவர். ஒரு நீர்வண்ணத்தைக் காட்டியபோது, "குளிக்காமலே தலை துவட்டினவன் மாதிரி இருக்கு, மாப்பிள்ளை" என்றார். அவரோடு எனக்கு ஒரு மனத்தாங்கலும் கிடையாது.

அவருக்கு நடுக்க நோய். மாத்திரை வேலை செய்யும்வரை கை சொன்னபடி கேட்கும். அதன் வேகம் தணிந்தால் கை நடுங்கும், உடம்பு விறைக்கும், விழுங்குவதுகூடச் சிரமம். ஒருமுறை வெளியே போன இடத்தில் மாத்திரை வேளை தவறிவிட்டது. வந்ததும், பிடிவாதமாக, விறைத்த கையாலேயே தங்கையின் முகத்தை வரைந்தார். நான் அசந்துபோனேன்.

நடுங்கும் கையால் வரை என்று கணினியிடம் சொன்னால் கோட்டை ரிப்பன் மாதிரி சீராக நெளித்துத் தரும். கை அப்படி நடுங்குவதில்லை. காகிதத்தின் சொரசொரப்பில் கரி சிக்கும். சிக்கிய இடத்தில் கை அழுத்தும். அழுத்தினால் கரி உடையும். உடைந்த பொடிமேல் அடுத்த நடுக்கம் இழுபடும். அதோடு, அந்த நோய் உள்ளவர்கள் வரைய வரையச் சிறிதாக்கிக்கொண்டே போவார்கள். அகல நெற்றியில் தொடங்கிய முகம் மோவாய்க்கு வரும்போது சுருங்கிவிடும். கணினிக்கு அது தோன்றவே தோன்றாது.

மேலாளரிடம் காட்டினேன். இதுபோல் நிறையக் கிடைக்குமா என்றார். பார்க்கலாம் என்றேன்.

மாத்திரை கொடுக்கும் பொறுப்பை நான் வாங்கிக்கொண்டேன். ஒரு வேலை குறைந்ததே என்று மனைவிக்கு நிம்மதி. முதலில் வேளையைத் தள்ளிப்போட்டேன். பிறகு பாதியாக்கினேன். ஒவ்வொரு படியிலும் கோடு மாறியது. அதை நீங்கள் பார்க்க வேண்டும். நோய் முற்றுகிறது என்றார் மருத்துவர். படித்தவர் சொல்லும்போது நான் என்ன மறுத்துப் பேசுவது. ஒரு சாயங்காலம் மச்சான் கரியைக் கீழே வைத்துவிட்டார்.

"இன்னிக்கு வேணாம், மாப்பிள்ளை. கை என்னோடது மாதிரியே இல்ல."

"ஒரே ஒரு முகம், மச்சான். வரைஞ்சா கை இளகும்."

"நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்."

வரைந்தார். வாயோரம் வழிந்த எச்சில் காகிதத்தில் சொட்டிக் கரியோடு குழைந்தது. அந்தக் கறையையும் சேர்த்தே ஸ்கேன் செய்து, மற்றவற்றைப் போலவே கணினிக்குப் பழகக் கொடுத்தேன். அப்படி ஒன்றை எந்தக் கணினியாலும் யோசிக்க முடியாது.

கடைசி முகம் கட்டைவிரல் நகம் அளவுக்கு வந்து நின்றது. தண்ணீர் கேட்டார். கொடுத்தேன். விழுங்க முடியவில்லை, மூச்சுக்குழாய்க்குள் போய்விட்டது. முதுகில் தட்டத்தான் செய்தேன்.

பிறகு கணினி அவருடைய கோட்டிலேயே படம் போட ஆரம்பித்தது. திரையில் ஒன்றைப் பார்த்த என் மனைவி, "இது அண்ணன் எப்போ வரைஞ்சது?" என்று தடவிப் பார்த்தாள். அவளிடம் பொய் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. உட்காரவைத்து விளக்கினேன். கறுப்பு எல்லா இடத்திலும் ஒரே அடர்த்தி பார், தூள் எங்கேயும் உதிரவில்லை பார், இது போலி என்றேன். அசலை எடுத்து வரிசையாகப் பரப்பினேன். எந்தக் கோட்டுக்கு எவ்வளவு மாத்திரை என்றும் சொன்னேன். விளக்க ஆரம்பித்தால் எனக்கு நிறுத்தத் தெரியாது. அவள் எழுந்து போனது இந்தக் காவல் நிலையத்துக்கு, உங்களிடம்தான் என்று பிறகுதான் தெரிந்தது.

கடைசி வாரங்களில் என்ன கொடுத்தேன் என்று கேட்கிறீர்கள். வெறுங்கையோடு போனால் அவர் கேட்பார் அல்லவா. கால்சியம் மாத்திரை. அதே வெள்ளை, அதே வட்டம். நடுவில் பிளவுக் கோடு மட்டும் இல்லை; அதை பிளேடால் கீறிக்கொண்டேன். கீறியது தெரியாமல் விரலால் தேய்த்து, ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த பிறகே அவர் வாயில் போட்டேன். நன்றாக வராததைத் தூர எறிந்துவிடுவேன். போலி என்று தெரிகிற எதையும் என்னால் கையால் தொட முடியாது.