முதல் பாடம் குடும்பம்

– போனை வெச்சாச்சா அம்மா?

– ஆமா மக்கா. இத்தாலியில நான் வேல பாக்குத வீட்டுக்காரன், பாவ்லோ. அவனுக்க அம்மைக்கு நான் ஊட்டாம சோறு எறங்கல்லியாம். லீவு முடிஞ்சு எப்ப வருவன்னு கேக்கான். நீயும் சேந்து சாள மீன வெட்டு, பூனை நிக்குது.

– வேற என்ன கேட்டான்?

– வேறென்ன? வெயிலு, மழை.

– ஒரு பொம்பளப்பிள்ளைக்க சத்தம் கேக்குதே, அது ஆருன்னும் கேட்டான்.

– கேட்டிருப்பான். அதுக்கென்ன இப்ப?

– "எனக்க தங்கச்சி மக"ன்னு சொன்ன.

– எனக்க மாதாவே!

– கத்தியக் கீழ வெய்யி, கை அறுந்துரும். கையில மீனுன்னு ஸ்பீக்கர்ல போட்டு எனக்க முன்னாலயே பேசுன. இவளுக்கு இத்தாலியன் என்ன வெளங்கும்னுதானே?

– ஏட்டி பெபிஷா, ஒனக்கு ஆரு அந்தப் பாஷ சொல்லித்தந்தது?

– யுனிவர்சிட்டியில. மொழிப் படிப்புன்னு சொன்னேம்லா, நீ இங்கிலீஷுன்னு நெனச்ச. ஒரு எழுத்து தெரியாமத்தான் போய் ஒக்காந்தேன். மொதப் பாடமே குடும்பம். எழும்பி நின்னு சொல்லணும். "என் அம்மா பேரு குளோரி. இத்தாலியில வேல பாக்கா. அவளுக்கு நான் ஒரே மக"ன்னு சொன்னேன். மேடம் கை தட்டுனாவ. இந்த லீவுல நீ பேசும்ப போனப் பிடுங்கி, அந்தக் கிழவிகிட்ட ரெண்டு வார்த்த நன்றி சொல்லி ஒன்ன அசத்தணும்னு கண்ணாடி முன்ன நின்னு பழகுனேன். கூறுகெட்டவ நான்.

– மக்கா, கேளு. ஒங்கப்பா கடலோட போன பெறவு நமக்கு ஆரு இருந்தா? பிள்ள உண்டுன்னா வேலைக்கு எடுக்க மாட்டாவ, பிள்ளைக்குக் காய்ச்சல்னு பாதியில ஓடீருவான்னு நெனப்பாவன்னு ஏஜென்ட் சொன்னாரு. ஒரு வாட்டி சொன்னது. பெறவு எப்பிடி மாத்த?

– இதையும் மேடம் நடத்துனாவ. அந்த ஊருச் சமுதாயம்னு தனிப் பாடம். வயசானவங்களப் பாக்க வெளிநாட்டுல இருந்து வாற பொம்பளைகள்ல சிலரு பெத்த பிள்ளையையே மறைப்பாவன்னு சொன்னாவ. நான் சாடி எழும்பி, "எங்கம்மா அப்பிடி இல்ல"ன்னு சண்ட போட்டேன். கிளாஸே என்னப் பாத்துச்சு.

– எல்லாம் ஒனக்காகத்தான்...

– வேலைக்காகச் சொன்ன அந்தப் பொய்ய விடு. வயித்துப்பாடு, பொறுத்துருவேன். பெறவு அவனுக்க மக ஜூலியா போன வாங்குனாளே, அவகிட்ட என்ன சொன்ன?

– அது கொச்சுப் பிள்ள. சும்மா கொஞ்சுனேன்.

– "கடவுள் எனக்குப் பிள்ள தரல்ல, பதிலுக்கு ஒன்னத் தந்தாரு"ன்னு சொன்ன. சிரிச்சிட்டுல்லா சொன்ன அம்மா! அதச் சொல்லச் சொல்லி எந்த ஏஜென்ட் சொன்னாரு?

– பெறந்ததுல இருந்து எனக்க கையிலயே கெடந்தவ. ஒன்னத் தூக்க முடியாத வெப்ராளத்துல அவளத் தூக்குனேன். நான் என்ன கல்லா மக்கா?

– மணவாளக்குறிச்சி கோவில்ல எனக்குப் புதுநன்ம எடுத்து, மொத மொதல்ல நற்கருண வாங்குன அன்னைக்கு நீ போனுலதான் இருந்த. அவளுக்கு எடுத்த அன்னைக்குப் பக்கத்துல நின்ன. நீ அனுப்புன அந்தப் போட்டோவ ஹாஸ்டல் சொவத்துல ஒட்டி, இதுதான் எங்கம்மான்னு எல்லார்ட்டயும் காட்டுனேன். என்ன ஏமாத்திட்ட. நல்லா ஏமாத்திட்ட.

– அடிச்சிரு என்ன. அடிச்சிரு, பேசாத... அய்யோ, மறுபடியும் போனு. அவன்தான். ஏட்டி, எடுக்காத!

– எடுத்தா என்ன?

– வேல போயிரும். ஒனக்க படிப்பும் அதோட போவும். ஒனக்க காலப் பிடிக்கேன், உண்மைய மட்டும் சொல்லிராத.

– இப்பவும் அவங்களுக்குத்தான் பயப்படுத. நான் இங்க துடிச்சிட்டு நிக்கியது ஒனக்குப் பெருசில்ல. தள்ளு. படிச்ச பாடத்த ஒப்பிக்கேன்.

– மக்கா, வேண்டாம்...

– ப்ரோந்தோ! வணக்கம், பாவ்லோ. ஆமாம், உங்கள் மொழிதான், கொஞ்சம் படித்திருக்கிறேன். பெரியம்மா மீன் நறுக்கிக்கொண்டிருக்கிறார். நான் அவருடைய தங்கை மகள், பெபிஷா. என் அம்மாவா? இல்லை, பாவ்லோ. எனக்கு அம்மா இல்லை.