இரண்டாவது கேசட்டின் கடைசிப் பாட்டு

டீயைக் குடி வெங்கடசாமி, ஆறிட்டா நல்லாயிருக்காது. பெங்களூர் ஆஸ்டின் டவுன்ல இஞ்சி தட்டிப் போடற கடை இது ஒண்ணுதான் மிச்சம். நீ கேஜிஎஃப்ல இருந்து ரயிலேறி வந்து கேட்கறே, நான் எதையும் மறைக்கப் போறதில்ல. இத்தனை வருஷமா யாரும் கேட்கல, அதனால சொல்லல.

உங்க அம்மா லட்சுமம்மா அன்னைக்குப் போன்ல அப்படிச் சொன்னாங்களா இல்லையா, அதுதானே உனக்குத் தெரியணும்? சொல்றேன். ஆனா முதல்ல இருந்து கேட்டாத்தான் என் பக்கத்து நியாயம் புரியும்.

நாங்க நாலு பேர். பேஞ்சோவுக்கு டென்சில், ஃபிடிலுக்கு சீனு, கிட்டாரைப் பிடிச்சுக்கிட்டுப் பாடறதுக்கு தமயந்தி. மாண்டலினும் பாட்டு எழுதறதும் நான். எல்லாரும் கேஜிஎஃப் தங்கச் சுரங்கத்து லைன் வீட்டுப் பிள்ளைங்க. டென்சிலோட மாமா விட்டுட்டுப் போன கேசட்டுலதான் புளூகிராஸ் கேட்டோம். அமெரிக்காவுல மலைக்காட்டு ஜனங்க பாட்டு அது. அங்கேயும் குழிக்குள்ள இறங்கறவங்கதான், அங்கேயும் இருமிச் சாகற அப்பனுங்கதான். நமக்கு அதுல புரியாதது என்ன இருக்கு? அதே மாதிரி மெட்டுல நான் தமிழ்ல எழுதினேன். நம்ம ஊர் மாரிக்குப்பத்தோட ரயில் முடியுதே, அதனால 'லாஸ்ட் ஸ்டேஷன்'னு பேர் வச்சோம்.

முதல் கேசட் படுத்துடுச்சு. கம்பெனிக்காரர் சுந்தரமூர்த்தி மூஞ்சிக்கு நேராவே சொன்னார். "வாசிப்பு பிரமாதம்ப்பா. ஆனா அந்தப் பொண்ணு எழவுப் பாட்டைக்கூட கல்யாண வீட்டுல பாடற மாதிரி பாடுது." உண்மைதான். தாயில்லாப் பிள்ளைன்னு அவ அப்பா ஆதிகேசவன் அவளைத் தரையில விடாம வளர்த்தார். அவ எதுக்கு அழுதிருக்கா?

ரெண்டாவது கேசட்டுக்கு பெங்களூர்ல ஒரே ஒரு நாள் ஸ்டுடியோ குடுத்தார். மறுநாள் டென்சிலுக்கு ஆஸ்திரேலியா ஃப்ளைட். எங்க பாட்டைத் தனித்தனியா பதிஞ்சு ஒட்ட முடியாது. நாலு பேரும் ஒரே மைக்கைச் சுத்தி நின்னு, முன்னாடி வந்து பின்னாடி போய், ஒரே மூச்சுல வாசிக்கணும். ஒருத்தர் இல்லன்னா பாட்டே இல்ல. நான் இருந்த வேலையை விட்டிருந்தேன். கட்டிக்கறேன்னு சொன்னவ என்னை விட்டிருந்தா. அந்த நாள் போச்சுன்னா நான் ஒண்ணுமே இல்ல. கழுத்தளவு தண்ணியில நிக்கறவன் எதைப் பிடிக்கறோம்னு பார்த்தா பிடிப்பான்?

காலையில முதல் பாட்டு முடிஞ்சப்போ ஸ்டுடியோ போன் அடிச்சுது. நான்தான் எடுத்தேன். உங்க அம்மா, தமயந்திக்கு அடுத்த வீடாச்சே, ஊர்ல எஸ்டிடி பூத்துல இருந்து. "வின்சென்ட்டு, ஆதிகேசவண்ணாவுக்கு மூச்சு இழுக்குதுப்பா. ஆஸ்பத்திரியில சேர்த்திருக்கோம். உடனே பெங்களூருக்குக் கொண்டுபோனா பொழைச்சுக்குவாருன்னு டாக்டர் சொல்றாரு. மக வந்து கையெழுத்துப் போடணுமாம். பேகனே அனுப்புப்பா, சீக்கிரம்."

"அனுப்பறேன்க்கா"ன்னேன்.

உள்ளே போனப்போ தமயந்தி, "யாருண்ணா?"ன்னா. ராங் நம்பர்னு சொன்னேன். வேகப் பாட்டுங்க நாலு இருந்துச்சு, சிரிச்சுப் பாட வேண்டியது. அதை முதல்ல முடிச்சுட்டா நல்லதுன்னு பட்டுது. மனசு கலங்கினா வேகப் பாட்டு வராது இல்லையா. அன்னைக்கு அவ்வளவு அழகாப் பாடினா அவ.

மத்தியானம் மறுபடியும் உங்க அம்மா. "மக எங்கே, மக எங்கேன்னு வாசலையே பார்க்கறாருப்பா."

"ரயிலேறிட்டாக்கா, வந்துட்டே இருக்கா"ன்னேன். பாவம், அதை நம்பி அவர்கிட்டயும் போய்ச் சொல்லியிருக்காங்க. அவருக்கும் ஒரு நிம்மதி கிடைச்சிருக்கும்.

கடைசிப் பாட்டு மட்டும் பாக்கி. குழி இடிஞ்சு உள்ளேயே போயிட்ட அப்பனை மக கூப்பிடற பாட்டு. எடுத்தோம், எடுத்தோம், எடுத்துக்கிட்டே இருந்தோம். உப்பில்லாத குழம்பு. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சுந்தரமூர்த்தி சட்டையைச் சரிபண்ணிக்கிட்டுக் கிளம்பப் பார்த்தார். வெண்ணெய் திரண்டு வர்ற நேரத்துல தாழி உடையப் போகுது. பாத்ரூம்ல போய் அழுதேன் வெங்கடசாமி, நெசமாவே அழுதேன்.

வெளியே வந்து அவளை ஓரமாக் கூப்பிட்டேன். "லட்சுமம்மா போன் பண்ணாங்க. அப்பா தவறிட்டாரும்மா."

அப்போ அவர் உயிரோடதான் இருந்தார்.

அவ சுவத்தைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்துட்டா. டென்சில் பேஞ்சோவைக் கழட்டி வச்சுட்டு, "நான் வண்டி பார்க்கறேன்"னு எழுந்தான். நான்தான் நிறுத்தினேன். "இனிமே என்ன அவசரம்? அப்பாவுக்காக ஒரே ஒரு தடவை பாடிட்டுப் போயிடலாம் கண்ணு." அண்ணான்னு கூப்பிடற பிள்ளை, நான் சொன்னா தட்டமாட்டா. தலையாட்டினா.

ஒரே டேக். நீயும் கேட்டிருப்பே. நடுவுல குரல் உடைஞ்சு சொல்லு வராம நிக்கும், சீனு ஃபிடிலை வச்சு அதைத் தாங்கிப் பிடிப்பான். இன்னைக்கு வரைக்கும் கேட்கறவங்க அந்த இடத்தைத்தான் சொல்றாங்க. சுந்தரமூர்த்தியே கண்ணைத் தொடைச்சுக்கிட்டார்.

டாக்சி பிடிச்சுப் போய்ச் சேர்ந்தப்போ விளக்கு வச்சாச்சு. தமயந்தி அப்பா கையைத் தொட்டா. சூடா இருந்துச்சு. "இப்பத்தாம்மா போனாரு. மக ரயில்ல வர்றான்னு சொல்லிட்டே இருந்தாரு"ன்னு நர்ஸ் சொன்னா.

"மத்தியானமே போயிட்டார்னு சொன்னாங்களே?"ன்னு தமயந்தி எங்களைத் திரும்பிப் பார்த்தா. நான் முந்திக்கிட்டேன். "லட்சுமம்மாதான், பதட்டத்துல தப்பாச் சொல்லிட்டாங்க போல."

உங்க அம்மா ஃபிளாஸ்க்கைப் பிடிச்சுக்கிட்டு கதவுகிட்ட நின்னாங்க. "நானா? நீதானேப்பா..."ன்னு ஆரம்பிச்சாங்க. தமயந்தி முடிக்க விடல. "உசுரோட பார்த்திருப்பேனே. உங்க வாயால கெட்டேன். இனிமே என் மூஞ்சியில முழிக்காதீங்க." அதோட பேச்சு நின்னுச்சு. லைன்ல இருந்தவங்களும் அதையே பிடிச்சுக்கிட்டாங்க. உங்க அம்மா சாவு வீட்டுல சண்டை வேண்டாம்னு விட்டிருப்பாங்க. நல்ல மனுஷி.

இப்போ படுத்த படுக்கையா இருக்காங்க, கண்ணை மூடறதுக்குள்ள தமயந்தியை ஒரு தடவை பார்க்கணும்னு கேட்கறாங்கன்னு சொல்றே. கேட்க எனக்கும் சங்கடமாத்தான் இருக்கு. ஆனா அவளுக்கு இருக்கற பேரு, கச்சேரி, சொந்த வீடு எல்லாம் அந்த ஒரு பாட்டு குடுத்தது. அதைப் போய் நான் எப்படிக் கெடுக்கறது?

உங்க அம்மாகிட்ட ஒண்ணு மட்டும் சொல்லு. வின்சென்ட் பொய் சொல்லிட்டான்னு நினைச்சுக்கிட்டே அவங்க போகக் கூடாது. ஆதிகேசவன் அன்னைக்குச் செத்துத்தானே போனார்? நான் அதைக் கொஞ்சம் முன்னாடி சொல்லிட்டேன், அவ்வளவுதான்.